அத்தான் காய்ச்சிய மூன்று சுண்டுச் சீனி

போன கிழமை நெல்லியடியில் புதிதாகத் திறந்திருக்கும் குளிரூட்டிய கடைக்குச் சவர்க்காரம் வாங்கத்தான் போனேன். சவர்க்காரத்துக்குப் போனவள் எப்படிச் சீனி அடுக்கியிருந்த தட்டுக்கு முன்னால் போய் நின்றாள் என்று கேட்காதீர்கள். இரத்தத்தில் சீனி கூடிப் பத்து வருடமாகக் குளிசை போடுகிறவர்களுக்கு அந்தத் தட்டு எங்கே இருக்கிறதென்று கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். வழக்கமான வெள்ளைச் சீனிக்குப் பக்கத்தில் கபில நிறத்தில், கொஞ்சம் ஈரப்பசையோடு, மினுங்குகிற பையொன்றில் வேறொரு சீனி இருந்தது. கடையில் நின்ற பிள்ளை என்னிடம் படித்த ஒருத்தியின் மகள். "உது சுத்திகரியாத சீனி ரீச்சர், உடம்புக்கு நல்லமாம்" என்றாள். முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவளுக்கு அது எவ்வளவு பொய் என்று தெரியாதா? தெரிந்துகொண்டுதான் வாங்கினேன். சவர்க்காரத்தை மறந்துபோனேன்.

வீட்டுக்கு வந்து பையின் மூலையை வெட்டி முகர்ந்து பார்த்தேன். முகர்ந்தால் சீனி ஏறாது, பயப்படாதீர்கள். பச்சைப் புல்லும் லேசாகக் கருகிய பாணியும் கலந்த மணம். அந்த மணத்தை என் வாழ்நாளில் ஒரேயொரு மாதம்தான் தொடர்ந்து மணந்திருக்கிறேன். அதுவும் ஆலையில் இல்லை. கரவெட்டியில், எங்கள் பின்வளவில், என் அத்தான் சீனி காய்ச்சிய மார்கழியில்.

சண்டையால் தெற்குக்குப் போகிற பாதை பூட்டியிருந்த காலம் அது. சவர்க்காரம், மண்ணெண்ணெய், மின்கலம் எதுவும் வராது. சீனியும் அப்படித்தான். எங்காவது ஒளித்து வைத்திருந்த கடைக்காரர் பொட்டலமாகக் கட்டித் தந்தால் உண்டு. ஆட்கள் வெறுந்தேத்தண்ணியைக் குடித்து, பனங்கட்டியில் ஒரு கடி கடித்துக்கொண்டார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. பனங்கட்டியில் அவவுக்குக் கோபமில்லை, யேசு பிறந்த நத்தாருக்குப் போடுகிற கேக்கில்தான் பிரச்சினை. முதல் வருடம் பனங்கட்டியைக் கரைத்துக் கேக் போட்டுப் பார்த்தா. நடுவில் குழிந்து, கறுத்து, கரண்டியால் அள்ளித் தின்னும்படி வந்தது. அதைப் பார்த்துவிட்டு, இது கேக் இல்லை, களி என்று சொல்லி அயலுக்குத் தட்டு அனுப்பாமலே விட்டுவிட்டா. எங்கள் வீட்டில் அது பெரிய காரியம். அப்பா செத்த வருடம்கூட அம்மா தட்டு அனுப்பியவ.

இனி அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர். கிழக்குப் பக்கம் ஒரு சீனி ஆலையில் வேலை பார்த்தவர். சண்டை தொடங்க ஆலையை விட்டு வெளிக்கிட்டு, ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டில் வந்து இருந்தார். மனைவி வீட்டில் வேலையில்லாமல் இருப்பது ஓர் ஆம்பிளைக்கு எப்படியென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விடியக் கிணற்றடியைக் கூட்டுவார். வேலியில் இல்லாத ஓட்டையையும் தேடி அடைப்பார். சாப்பிடும்போது இரண்டாம்தரம் சோறு கேட்க மாட்டார். அம்மா ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. ஆனால் அவர் இருக்கிறபோது கொஞ்சம் கூடுதலாக மரியாதை காட்டினா. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

ஆலையைப் பற்றிக் கதை கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும். கரும்பு லொறிகள் வாசலில் வரிசையாக நிற்பதையும், கத்திகள் கரும்பை நார்நாராகக் கிழிப்பதையும், உருளைகள் அதை நெரித்துச் சாறு எடுப்பதையும், நெரித்த சக்கையே அடுப்புக்கு விறகாகிப் போவதையும் சொல்லுவார். சாற்றுக்குச் சுண்ணாம்பு விட்டுச் சூடாக்கினால் அழுக்கெல்லாம் கீழே அடைந்துவிடும். தெளிந்ததை வற்றவைத்துப் பாணியாக்கி, காற்றெடுத்த பெரிய கொப்பரையில் காய்ச்சினால் மணி பிடிக்கும். அந்தக் கொப்பரையில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்குமாம். காய்ச்சுகிறவர் அதன் வழியே பார்த்து, ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி வெளிச்சத்துக்குப் பிடிப்பாராம். "அந்தாள் போதும் எண்டு சொன்னால்தான் சீனி, இல்லாட்டிப் பாணி" என்பார். கடைசியில் சுழல்கிற கூடையில் போட்டுச் சுற்றினால் பாணி வெளியே பறந்து, சிவத்தச் சீனி உள்ளே ஒட்டி நிற்கும். அக்கா வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். கலியாணம் பேசி வந்த தரகர் அவரைச் சீனி காய்ச்சுகிற உத்தியோகத்தர் என்றுதான் சொல்லியிருந்தார். அதில் அக்காவுக்குச் சரியான பெருமை.

கார்த்திகை முடிகிற நேரம், நத்தாருக்கு இன்னும் ஒரு மாதம் இருக்க, கோயில் மாதர் சங்கம் எங்கள் வீட்டில் கூடியது. செபம் முடிந்து வெறுந்தேத்தண்ணி கொடுக்கும்போது கதை வழக்கம்போலச் சீனிக்குப் போனது. ஒருத்தி கேக்கில்லாத நத்தாரை நினைத்துப் பெருமூச்சு விட்டா. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னா:

"ஏன் யோசிக்கிறியள்? எங்கடை மருமகன் சீனி காய்ச்சினவர்தானே."

பதினாறு பெண்கள் திரும்பி அத்தானைப் பார்த்தார்கள். அவர் பாவம், கதிரை கொண்டுவந்து போட வந்தவர். கதிரையைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிறகு "ஓம்" என்று ஒத்துக்கொண்டார், கதிரைக்குச் சொல்வது போல.

கரும்புக்கு அலையத் தேவையிருக்கவில்லை. பக்கத்துக் காணிக்காரர் சின்னராசா அண்ணை புகையிலையும் வெங்காயமும் செய்கிறவர். பொங்கலுக்குத் தெற்கிலிருந்து கரும்பு வராதென்று, தன் துலாக் கிணற்று வாய்க்கால் ஓரம் இரண்டு வரிசை நட்டிருந்தார். மழைக்கும் காற்றுக்கும் அதில் ஒரு வரிசை சாய்ந்து முறிந்துபோக, வெட்டிக் கட்டி வைத்திருந்தார். அத்தான் போய்க் கேட்டதும் அந்தக் கட்டைத் தூக்கித் தந்துவிட்டார். சும்மாவேதான். ஆனால் சீனி வருகிறபோது தானும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றார்.

கரும்பை நெரிக்க என்ன செய்வது என்று எல்லோரும் யோசித்தார்கள். போதகர் ஐயாவுக்குத்தான் யோசனை வந்தது. கோயில் களஞ்சிய அறையில் பழைய காலத்துப் புத்தகம் கட்டுகிற இரும்பு அழுத்தியொன்று கிடந்தது, மேலே சில்லைத் திருகினால் தகடு இறங்கும். பாட்டுப் புத்தகங்களை அழுத்திய தகடு. கரும்பைத் துண்டு துண்டாக வெட்டி, உரலில் இடித்து, கன்வசுப் பையில் கட்டி அழுத்தியில் வைத்துத் திருகினோம். சாறு பச்சையும் சாம்பலுமாக நுரைத்துக்கொண்டு வழிந்தது. போதகர் ஐயா சட்டைக் கையை மடித்துக்கொண்டு சில்லைச் சுற்றியதை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அவரின் பிரசங்கத்தில் அவ்வளவு வேகம் இருந்ததில்லை.

அத்தான் கிடாரத்தை அடுப்பில் ஏற்றினார். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினார். ஒருதரம் ஊற்றி, யோசித்து, இன்னொருதரம் ஊற்றினார். நெருப்பை நன்றாக மூட்டினார். சாறு கொதித்துக் கொதித்துக் கறுத்தது. பின்னேரம் வரைக்கும் கிண்டினார். மணியும் வரவில்லை, மண்ணும் வரவில்லை. கடைசியில் தாச்சியில் ஊற்றி ஆறவிட்டால், தார் போல இறுகிப்போய்க் கிடந்தது. அம்மா மருமகனை விட்டுக்கொடுக்காமல், பரவாயில்லை, நல்ல ரொபி என்று சொல்லி ஒரு துண்டை வாயில் போட்டா. போட்டது அவவின் கட்டுப்பல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அதைக் கழற்றச் சுடுதண்ணியும் அரை மணித்தியாலமும் தேவைப்பட்டன. சின்னராசா அண்ணை மரியாதைக்காகத் திரும்பி நின்றுகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்தநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்து சைக்கிளை நிறுத்துகிறபோது, பின்வளவில் கிடாரத்தை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது, படிப்பிக்கத் தொடங்கி இரண்டாம் வருடம், எல்லாம் தெரியும் என்ற எண்ணம். சுண்ணாம்பு கூடிவிட்டது, நெருப்பும் கூடிவிட்டது என்று பாடம் எடுப்பதுபோலச் சொன்னேன். அங்கே எவ்வளவு விடுகிறவர்கள் என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தினார்.

"எனக்குத் தெரியாது மச்சாள். நான் சீனி காய்ச்சினதில்லை. வாசல் தராசிலை நிண்டு கரும்பு நிறுவை பாத்தனான்."

அவரே சொல்லிக்கொண்டு போனார். சீனி காய்ச்சுகிறவர் அவரோடு ஒரே அறையில் இருந்த சிங்கள ஆளாம். இவர் தன் வேலை முடிந்ததும் போய் அவருக்குப் பக்கத்தில் நிற்பாராம், அந்தக் கண்ணாடி வழியே பார்க்க. நாலு வருடம் அப்படிப் பார்த்தாராம். தரகர் பொய்யாகச் சொன்னது பெண் பார்க்க வந்த அன்றுதான் காதில் விழுந்ததாம். அன்றைக்கே மறுத்திருக்க வேண்டும், அக்காவைக் கண்ட பிறகு வாய் வரவில்லை என்றார். அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினார். பிறகு சொன்ன கதைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. சின்னராசா அண்ணை தந்த கரும்பின் வெட்டுவாயைப் பார்த்ததுமே அது நாலைந்து நாள் பழசென்று அவருக்குத் தெரிந்ததாம். வெட்டுவாய் சிவந்து, புளித்த மணமும் வந்ததாம். அப்படிப் புளித்த சாறு மணி பிடிக்காதாம். ஆலை வாசலில் என்றால் அந்த லொறியைத் திருப்பி அனுப்பியிருப்பாராம்.

"நான் நானா நிண்டிருந்தால் அண்டைக்கே சொல்லியிருப்பன். காய்ச்சிறவன் மாதிரி நிண்டதாலை விட்டிட்டன்."

அன்றைக்கு நான் செய்ததைப் பெரிய காரியம் என்று சொல்ல மாட்டேன். ஒருவருக்கும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து ஒரு வெப்பமானியும், சுண்ணாம்பின் அளவைக் காட்டக் கொஞ்சம் பாசிச்சாயத்தாளும் கொண்டுவந்தேன். அதிபரிடம் கேட்டுத்தான் எடுத்தேன், வகுப்புச் செய்முறைக்கு என்று. பொய் சொல்கிறவருக்கு உதவப்போய் நானும் ஒரு பொய் சொன்னதுதான் மிச்சம்.

இந்தமுறை அத்தான் தானே வாய்க்காலில் இறங்கி, நின்ற கரும்பில் முற்றினதாகப் பார்த்து விடிய வெட்டினார். அயலில் வீட்டுக்கு இரண்டு தடி பொங்கலுக்கு விட வேண்டும் என்பது சின்னராசா அண்ணையின் நிபந்தனை. வெட்டிய அன்றே இடித்து நெரித்தோம். சுண்ணாம்புத் தண்ணியை நான் கரண்டி கரண்டியாக விட்டேன், சிவத்தத் தாள் நீலத்துக்குத் திரும்பத் தொடங்கிய இடத்தில் நிறுத்தினேன். மெல்லச் சூடாக்கியதும் மேலே நுரை திரண்டது, கீழே சேறு அடைந்தது. இடையில் தெளிந்து நின்ற சாற்றைப் பார்த்ததும் அத்தான் "உதுதான், உதுதான்" என்றார். ஆலையில் காற்றை எடுத்துக் காய்ச்சுவதால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், அதனால் கருகாது. எங்களிடம் அந்த வசதி எங்கே? பனை மட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி நெருப்பை அடக்கிப் பிடித்தோம். வெப்பமானியை நான் பார்த்தேன். அவர் சொட்டுச் சொட்டாக எடுத்து, உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டில் தடவி வெயிலுக்குப் பிடித்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "போதும்" என்றோம்.

பாணியை இரண்டு மண்பானையில் ஊற்றிவிட்டு அத்தான் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். மணி பிடிக்க விதை வேண்டும். விதை என்றால் சீனி. வீட்டில் இருந்த சீனி, அம்மா நோயாளிகளுக்கும் வெளியூர் விருந்தாளிகளுக்கும் என்று போத்தலில் பூட்டி வைத்திருந்த இரண்டு தேக்கரண்டிதான். சீனி செய்யச் சீனி கேட்கிறார்கள் என்று அம்மா முறைத்தா. ஆனாலும் சாவியைத் தந்தா. அதைப் பொடித்துத் தூவி, கிண்டி, சாக்கால் மூடி வைத்தோம். ஆறு நாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறபோதும் என் நினைப்பு பானைக்குள்தான் கிடந்தது.

ஏழாம்நாள் அகப்பையை விட்டபோது அடியில் கறகற என்றது. அந்தச் சத்தத்தை எப்படி உங்களுக்குச் சொல்வது! அத்தான் விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

இனிப் பாணியைப் பிரிக்க வேண்டும். சுழல்கிற கூடைக்கு என் சைக்கிள் வந்தது. அதைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லின் கம்பியில் ஒரு பால்மாப் பேணியை ஆணி ஓட்டைகளோடும் உள்ளே சீலைத் துணியோடும் கட்டினோம். மிதியைச் சுற்றியதும் சைக்கிள் மறியாடு போலத் துள்ளி விழுந்தது. எதிர்ப்பக்கமும் ஒரு பேணி கட்டினால்தான் சமநிலை வரும் என்று அப்போதுதான் இந்தக் கெட்டிக்காரிக்குப் புத்தி வந்தது. இரண்டு பேணியும் கட்டி அத்தான் கையால் மிதியைச் சுற்ற, பாணி சுற்றிவரப் பறந்தது. தகரம் பிடித்துக்கொண்டு நின்ற சின்னராசா அண்ணையின் வெள்ளை வேட்டி, குசினிச் சுவர், அக்காவின் தலைமயிர், ஒன்றும் தப்பவில்லை. பேணியைத் திறந்தால், துணியில் ஒட்டிக்கொண்டு, மண் நிறத்தில், ஈரமாக, மணிமணியாகச் சீனி. பானை இரண்டையும் முடித்தபோது மூன்று சுண்டு இருந்தது. சுண்டு என்றால் வேறொன்றுமில்லை, பழைய ரின்பால் பேணி.

அம்மா உடனே மாதர் சங்கத்தைக் கூப்பிட்டா. மேசையில் கோப்பையில் சீனி. எப்படிச் செய்தது என்று எல்லோருக்கும் விளங்கப்படுத்தச் சொல்லி மருமகனை முன்னால் நிறுத்தினா. இனித் தராசடிக் கதையைச் சொல்லாமல் விட்டாலே போதும், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அத்தான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னார்:

"மாமி, ஆலையிலை நான் சீனி காய்ச்சேல்லை. தராசடியிலை நிண்டனான். சீனி காய்ச்சினது இதுதான் முதல்தரம். அதுவும் மச்சாள் இல்லாட்டி வந்திராது."

அம்மா எழும்பி மெல்லக் குசினிக்குள் போனா. தேத்தண்ணி ஊற்றி, அந்தக் கோப்பையிலிருந்தே ஒரு கரண்டி சீனி போட்டுக் கலக்கி, அவர் கையில் கொடுத்தா.

"அப்ப இனி நான் சொன்னால் பொய்யில்லைத்தானே, தம்பி" என்றா.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவைத் தவிர. அவள் கோபம் நிறுவைக்காரனைக் கட்டியதற்கில்லை. நான் ஆச்சரியப்படாததைக் கவனித்துவிட்டாள்; எனக்கு முதலில் சொல்லியிருக்கிறார், அவளுக்குச் சொல்லவில்லை என்பதுதான் கோபம். அது நியாயமான கோபம் என்று இப்போது விளங்குகிறது. அப்போது எனக்கும் சேர்த்து அவள் மூன்று நாள் முகம் தரவில்லை. அத்தான் கிணற்றடியை ஒரு நாளில் இரண்டுதரம் கூட்டினார். நத்தாருக்கு முதல்நாள் அக்கா முட்டையும் சீனியும் போட்டு அடிக்கத் தொடங்கினாள். கை நோகிற வேலை, ஒரு மணித்தியாலம் நிறுத்தாமல் அடிக்க வேண்டும். பாதியில் எழும்பி வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் சட்டியை அவர் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். அவர் அடித்தார். அரை மணித்தியாலம் கழித்து, "உப்பிடி அடிச்சால் எப்ப பொங்கிறது?" என்று கேட்டாள். அவ்வளவுதான், சரியாகிவிட்டது.

ரவைக்குப் பதிலாக வறுத்த அரிசிக் குறுணல். மாஜரின் எங்கிருந்து வந்ததென்று அம்மா சாகும்வரை சொல்லவில்லை. மேலும் கீழும் தணல் போட்டு வேகவைத்தோம். கேக் குழியவில்லை. கொஞ்சம் சிவந்திருந்தது, கொஞ்சம் கரும்பு மணந்தது, ஆனால் கேக்.

அத்தானும் அக்காவும் இப்போது கனடாவில். அவருக்கு அங்கே ஒரு வெதுப்பகத்தில் நெடுங்காலம் வேலை. பாதை திறந்து சில வருடம் கழித்து அவர்கள் ஊருக்கு வந்தபோது ஆலையைப் பார்க்கப் போனோம். உருளைகளையும் கொப்பரைகளையும் பழைய இரும்புக்கு வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கூரையில்லாத கட்டடத்துக்குள் மாடுகள் நின்றன. சின்னராசா அண்ணையின் காணி மூன்றாகப் பிரிந்து மூன்று மதில் எழும்பிவிட்டது. அழுத்தி எங்கே போனதென்று கோயிலில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த நத்தாருக்கு அம்மா பதினொரு வீட்டுக்குத் தட்டு அனுப்பினா. அக்காவும் நானும்தான் கொண்டுபோனோம். விடியக் கிளம்பியவர்கள் திரும்பிவர மத்தியானம் கடந்துவிட்டது. போகிற வீடெல்லாம் இருத்திவைத்து, சீனி எப்படி வந்ததென்று முதலிலிருந்து கேட்டார்கள். நாங்களும் முதலிலிருந்து சொன்னோம், வீட்டுக்கு வீடு கொஞ்சம் கூட்டி. போன நத்தாருக்கும் நான் விடியவே தட்டு கொண்டுபோனேன். அந்தப் பதினொரு வீட்டில் மூன்றில்தான் இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். மூன்றாம் வீட்டுப் படலையைச் சாத்திவிட்டுத் திரும்புகிறபோது, வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது.